தெரிந்த மொழிகள்

12.6.1997, வியாழன்

மூன்று நாள் தீவிர ஆலோசனைக்குப் பிறகு, விண்ணப்பத்தின் 'தெரிந்த மொழிகள்' கட்டத்தில் சிங்களத்துக்குப் பக்கத்தில் தமிழையும் எழுதுவதென்று போன மாதம் முடிவெடுத்தேன். நீல மையில், தெளிவாக எழுதினேன்.

காலாட்படையிலிருந்து மருத்துவப் பிரிவுக்கு மாறக் கேட்ட விண்ணப்பம் அது. சுடுவதை விட்டுவிட்டுக் கட்டுப்போடப் படிக்கலாம் என்று நினைத்தேன். காயம்பட்டு வருகிறவர்களில் தமிழில் அழுகிறவர்களும் இருப்பார்களே.

பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் கடைசி 'ன்'னை விட்டுவிட்டதால், பட்டாளத்தில் நான் சந்திரசேகர, சிங்களவன். யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

இன்று காலை முகாம் கிளார்க், தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி 'மல்லி' என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் கேட்டார்.

"மல்லி, தமிழ் எங்க படிச்ச?"

"கேகாலைப் பக்கம் றப்பர் தோட்டத்துப் பிள்ளைகளோட வெளையாடிப் படிச்சது, சேர்."

பொய்யில்லை. அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன்.

"அதிர்ஷ்டக்காரன்டா நீ. விசாரணைப் பிரிவுல மொழிபெயர்க்க நம்ம ஆளு ஒருத்தனத் தேடிக்கிட்டே இருந்தாங்க. ஓடர் வந்திருச்சு."

மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அந்த 'ன்' திரும்பி வந்துவிடும்.

சாயங்காலம் லீவில் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஊசி போடுற வேல கெடச்சிருச்சா, ராசா?"

"மாத்தம் கெடச்சிருச்சும்மா."

நாளைக்குக் கோயிலில் உடைக்கத் தேங்காய் எடுத்து வைத்துவிட்டுத் தூங்குகிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு விசாரணை அறையில் இருக்க வேண்டும். பிடித்து வரப்பட்டவர்கள் தமிழில் சொல்வதை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும்.