கையெழுத்துப் போடாதே

அன்பு மகளுக்கு,

உன் விரிவுரையாளர் தொலைபேசியில் பேசினார். "ஒங்க மக மத்தப் பிள்ளைங்க மார்க்ஸையெல்லாம் பார்த்திருக்கா. மன்னிப்புக் கடிதம் குடுத்தா விட்டுருவோம். இல்லாட்டி பொலிஸ்தான். நீங்களும் வாத்தியார்தானே, எடுத்துச் சொல்லுங்க" என்றார். கல்லூரி இணையத்தளத்தில் யார் மார்க்ஸையும் யாரும் பார்க்கக்கூடிய ஓட்டை இருப்பதை அவரிடமே சொன்னாயே, அதற்குப் பரிசு.

கையெழுத்துப் போடாதே. எங்கள் பாடசாலை அதிபரின் பிழையைச் சொன்ன என்னிடமும் இப்படித்தான் மன்னிப்புக் கடிதம் வாங்கினார்கள். அதையே குற்ற ஒப்புதலாகக் காட்டி தூரத்து வில்கமுவவுக்கு மாற்றினார்கள். இன்னும் இங்கேதான் கிடக்கிறேன். அவர்களில் ஒருவரையும் நான் மன்னிக்கவில்லை.

இனி அந்தத் தளத்தைத் திறக்காதே. நண்பர்களுக்கும் காட்டாதே. அவருக்கு நீ எழுதிய மின்னஞ்சலை அழிக்காமல், கொழும்பிலுள்ள கணினிப் பாதுகாப்புப் பிரிவுக்கு உடனே அனுப்பு.

திங்கட்கிழமை கடிதத்தோடு வருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். முதல் பஸ்ஸில் மாத்தளைக்கு, உன் கல்லூரிக்கு வருவேன். நீ பேசு, நான் பக்கத்தில் இருப்பேன். கடிதம் இருக்காது.

உன் அப்பா