சென்றியில் நிற்காத கார்

12.2.1998

இன்று கார் கோயில் மதிலில் முட்டி நின்றது. மெல்லத்தான். மதிலுக்கு ஒன்றும் இல்லை. "பாத்தியா எடித், நிண்டிட்டுது" என்றார் இவர். நிற்பாட்டியது தான்தான் என்பது போல.

14.2.1998

பிறேக்கைக் கராச்சில காட்டுங்கோ என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். இவர் காரைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"மன்னாரில எங்க மலை இருக்கு? எங்க இறக்கம் இருக்கு? தாழ்வுபாட்டில இருந்து ரவுணுக்கு நேர் ரோட்டு. முதலே காலை எடுத்தா அது தன்ரபாட்டில நிக்கும்."

கார் ஐம்பத்தாறாம் ஆண்டு பிறந்தது. என்னைவிட இரண்டு வயது இளமை. என்னைவிடக் கூடுதலாகத் துடைக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் மினுங்கும். தெரியாத இடத்தில்தானே பிறேக் இருக்கிறது.

20.2.1998

என் ஆய்க்கினை தாங்காமல் ரவுணில் சரவணமுத்துவின் கராச்சுக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். போகாவிட்டால் பாதியை மறைத்துவிடுவார்.

சரவணமுத்து பிறேக் ஒயில் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார்.

"அமிர்தநாயகம் அண்ணை, இதுக்க என்ன விட்டனீங்கள்?"

"ஒயில்தான்."

"எந்த ஒயில்?"

இவர் வீதியைப் பார்த்தார். "சண்டையில பாதை பூட்டினதில இருந்து பிறேக் ஒயில் எங்க கிடக்கு? எஞ்சின் ஒயில் விட்டனான். அதுவும் ஒயில்தானே."

சரவணமுத்து தலையில் கை வைத்தார். எஞ்சின் ஒயில் பட்டால் உள்ளே இருக்கிற றப்பர் எல்லாம் ஊதிப் பழுதாகிவிடுமாம். "ஒரு நாளைக்கு மிதிப்பீங்கள், கால் நேர கீழ போய்த் தட்டும். கொழும்பில இருந்து றப்பர் எடுப்பிக்கிறன். அதுவரைக்கும் ஓடாதேங்கோ."

ஓடாதேங்கோ என்பதை இவர் மெதுவாக ஓடுங்கோ என்று விளங்கிக்கொண்டார்.

3.3.1998

இன்று ஒரு கோழி சில்லுக்குள் போனது. பக்கத்து வீட்டுத் திரேசம்மாவின் கோழி. பின்னேரம் கறி வைத்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டாள். இவர் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

9.3.1998

 

காலையில் திரேசம்மா ஓடி வந்தாள். மகள் கிறேசுக்கு வயிற்றுக்குத்து தொடங்கிவிட்டது. தலைப்பிள்ளை. மருமகன் கடலில். வேறு வாகனம் இல்லை. நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்க்கவில்லை. என்ன செய்கிறது? ஏற்றினோம். திரேசம்மா முன்னுக்கு, நானும் கிறேசும் பின்னுக்கு.

கிறேஸ் ஒவ்வொரு தரம் கத்தும்போதும் இவருக்குக் கால் தானாக அழுந்துகிறது — பிறேக்கில் இல்லை, மற்றதில். "மெதுவா!" என்று நான். "கெதியா!" என்று திரேசம்மா. அவள் பக்கத்தில் இருந்தாள், அவள் சொன்னதுதான் கேட்டது.

ஆமிச் சென்றி தெரிந்தது, சோதனைச்சாவடி. மண் நிரப்பின தகரப் பீப்பாய்கள், குறுக்கே ஒரு தடி. எந்த வாகனமும் தள்ளி நின்று, ஆட்கள் இறங்கி நடந்துதான் போகவேணும். நிற்காத வாகனத்துக்கு என்ன நடக்கும் என்பது இந்தத் தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இவர் மிதித்தார். பிறகும் மிதித்தார். பிறகு, கோழி கூவுகிற மாதிரி ஒரு குரலில், "எடித், இல்லை!" என்றார்.

என்ன இல்லை என்று நான் கேட்கவில்லை.

ஆமிக்காரன் கையைக் காட்டினான். பிறகு துவக்கைத் தூக்கினான். அந்த ஓட்டை எனக்கு நேரே தெரிந்தது. கிறேசை இழுத்து மடியில் போட்டு அவளுக்கு மேலே குனிந்தேன். இவர் தலையை வெளியே போட்டுத் தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கத்தினார்: "மாத்தயா, பிறேக் நே! பிறேக் நே!" ஐயா, பிறேக் இல்லை என்கிறாராம்.

திரேசம்மா தோளில் கிடந்த துவாயை எடுத்து யன்னலால் ஆட்டினாள். சமாதானக் கொடியாம். அது சிவப்பு.

அவர்கள் பாய்ந்து விலகினார்கள். தடி முறிந்தது. பீப்பாயில் போய் இடித்து நின்றோம். நாலு பக்கமும் துவக்கு.  அப்போது பின்சீற்றில் இருந்து கிறேஸ் போட்ட சத்தம்! துவக்குப் பிடித்திருந்தவனே இரண்டடி பின்னால் போனான். எட்டிப் பார்த்தான். அவன் வயசே இருபதுதான் இருக்கும். முகம் வெளிறி, "அம்மே!" என்றான். பிறகு அவன்தான் ஓடிப்போய் அவர்களுடைய வாகனத்தைக் கொண்டுவந்தான்.

பத்து மணிக்குள் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. தாயும் சுகம். ஆனால் இவரைச் சென்றியிலேயே இருத்திவிட்டார்கள். ஆண்டவரே, வேண்டுமென்றே இடித்தது என்று சொன்னால் என்ன செய்வேன்?

10.3.1998

விட்டுவிட்டார்கள்!

நேற்றுப் பின்னேரம் நான் திரும்பிப் போனபோது இவர் மணலில் குந்தியிருந்தார். அவர்களில் பெரியவன் ஒருவன் தமிழில் கேட்டான், "ஏன் நிக்க இல்ல?" இவர் சொன்னதை அவன் நம்பவில்லை. காரைப் பார்த்தால் யார் நம்புவார்? அப்படி மினுங்குகிறது.

இன்று காலை என் கண் முன்னாலேயே அவர்களுடைய மெக்கானிக்கைக் கூட்டிவந்து காரில் ஏற்றினான். அவன் பிறேக்கை மிதித்தான். கால் போனது, போனது, கீழே தட்டியது. ஹான்ட் பிறேக்கை இழுத்தான். அது கையோடு வந்தது. அதைப் பிடித்தபடி எங்கள் இரண்டுபேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். சென்றி முழுக்கச் சிரித்தது. பெரியவன் மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தக் காரில உங்கட நோனாவையும் ஏத்தினதா?" என்று இவரிடம் கேட்டான்.

நோனா என்றது என்னைத்தான். இவர் என் பக்கம் திரும்பினார்.

கார் அவ்வளவு மோசமாக இருந்ததால் மனிசன் தப்பினார். இதை நன்றி என்று சொல்வதா, என்னவென்று சொல்வது?

11.3.1998

இவர் சாப்பிடவில்லை. குசினியில் என் பக்கத்தில் வந்து வாங்குப்பலகையில் இருந்தார். "மிதிச்சன் எடித், காலுக்குக் கீழ ஒண்டுமே இல்லை. பின்னுக்கு நீ இருக்கிறாய். அந்தப் பிள்ளை இருக்கு" என்றார்.  நானும் ஏசுவதற்கு நிறைய வைத்திருந்தேன்.  வெங்காயத்தைக் கொடுத்தேன், உரித்தார். அழுவதற்கு ஒரு சாட்டு.

4.4.1998

றப்பர் வந்தது. பிறேக் ஒயிலும், உண்மையானது. சரவணமுத்து நாலு சில்லையும் கழற்றிப் பூட்ட, இவர் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டார். சரவணமுத்து களைத்துப்போனார்.

25.4.1998

பிறேக் வேலை செய்கிறது. மிகவும் வேலை செய்கிறது. ஒவ்வொரு சந்திக்கும் முன்னால் சோதித்துப் பார்க்கிறார். இன்று குருவானவர் ஏறினார். இறங்கும்போது நெற்றியில் புடைப்பு.

17.5.1998

ரவுணில் இவருடைய தங்கச்சி வீட்டுக்குப் போய்வந்தோம். எங்கள் கார் ஓடவில்லை. இடது பின்சில்லில் ஏதோ உரசுகிற சத்தமாம், சரவணமுத்து பார்த்தால்தான் இனி ஓடுவாராம். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

திரும்பி வர பஸ்ஸில் ஏறினோம். நல்ல சீற் கிடைத்தது, யன்னல் பக்கம். இவர் இருக்கவில்லை. முன்னுக்குப் போய் றைவரிடம் குனிந்தார்.

"தம்பி, பிறேக் எப்பிடி?"

பஸ் முழுக்கக் கேட்டது. எனக்கும் இந்த மனிசனுக்கும் சம்பந்தம் இல்லை என்பது போல வெளியே பார்த்தேன்.

றைவர் பெருமையாகச் சொன்னான்: "ஹோர்ன் அந்த மாதிரி அண்ணை!"

"எடித், இறங்கு."

பஸ் வெளிக்கிட முன்னமே இறங்கினேன். தாழ்வுபாடு வரைக்கும் வெயிலில் நடந்தோம். வழி முழுக்க நான் ஏசினேன், இவர் குடையை என் பக்கமாகவே பிடித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் அதே பஸ் ஹோர்ன் அடித்தபடி பின்னால் வந்தது. என்னை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு இவர் நின்றார். ஹோர்ன் உண்மையில் நல்ல ஹோர்ன்தான்.