நொண்டி ஆட்டின் குரல்

அண்ணா,

கணினியைப் போட்டதும் அதே வாசனை. உள்ளே படிந்த தூசு சூடாகும் வாசனை. உன் சட்டையிலும் அது இருக்கும்.

விளக்கைப் போடாமல் திரை வெளிச்சத்தில் எழுதுகிறேன். பக்கத்துத் தறிக்கூடத்தில் இரவு வேலை நடக்கிறது. அந்தச் சத்தத்தில் நான் பொத்தான் தட்டுவது கேட்காது. ஆனாலும் பயமாக இருக்கிறது. நாம் இதில் ஆடிய விளையாட்டின் இசை காதில் விழுந்தாலே அம்மா அழுதுவிடுவாள். நீ போன பிறகு இந்த மூலைப் பக்கமே அவள் வருவதில்லை. அதனால்தான் அப்பா இந்தக் கணினியைச் சித்தப்பாவுக்குக் கொடுக்கிறார். காலையில் சித்தப்பா கரிவலத்திலிருந்து வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

நீ நிறுத்திய இடத்திலேயே எல்லாம் நிற்கிறது. மலைக் கணவாய், கடைசிச் சண்டை, மேய்ப்பன், பேசும் அந்த நொண்டி ஆடு. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "வந்து முடிச்சிருவோம்ட்டி" என்றாய். நான் இதை வென்றால், விளையாட்டில் நீ நின்ற இடத்தின் மேல் தானாகவே புதிய இடம் பதிந்து, உன்னுடையது அழிந்துவிடும். சும்மா இருந்தால் கதையின் முடிவு நமக்குத் தெரியாமலே போய்விடும்.

நமக்குள் பங்கு பிரித்திருந்தோம். சண்டை உனக்கு, பேச்சு எனக்கு.

"கதை வேணும்னா டிவியப் பாருட்டி. எப்ப அடிக்கணும், எப்ப ஒதுங்கணும், எந்தக் கவசத்த யாருக்குப் போடணும், அதுதான் கேமு. இந்த ஆடு சண்டைக்கே ஆகாது, வெறும் சுமை" என்பாய்.

"எதுக்கு அடிக்கோம்னே தெரியாம அடிச்சா, கொசு அடிக்க மாதிரில்லா இருக்கும்?"

பேச்சு வந்ததும் நீ தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவாய். ஆடு ஆங்கிலத்தில் பேசுவதை நான் மூக்கால் நம் ஊர்ப் பேச்சாக்குவேன்: "ஏலே, மெதுவாப் போ. எனக்குக் கால் வலிக்குல்லா?" தண்ணீர் குடிக்கப் போனவன் கதவருகிலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாய்.

சண்டை வந்தால், ஆடு செத்துவிடுமோ என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கடைசியில் நீ அடிக்கடி தோற்றாய். "பெரிய வீரன்!" என்பேன். "போ, உனக்கென்னட்டி தெரியும்" என்று மட்டும் சொல்வாய்.

இவ்வளவும் எழுதிவிட்டு விளையாடத் தொடங்கினேன்.

மேய்ப்பன் இரண்டே அடியில் விழுந்தான். மறுபடி எழுப்பினேன். மறுபடியும் விழுந்தான். ஆடு மட்டும் விழவில்லை. ஓநாய்கள் சூழ்ந்து கடிக்கின்றன, அது பாட்டுக்கு நிற்கிறது. இந்தத் தடவை முகத்தைத் திருப்ப முடியாததால் உற்றுப் பார்த்தேன். வழியெல்லாம் சேர்த்த இரும்புக் கவசம் முழுவதும் ஆட்டின் மேல் இருந்தது. மேய்ப்பன் மேல் வெறும் கிழிந்த சட்டை.

இதனால்தான் தோற்றாயா, அண்ணா?

கவசத்தைக் கழற்றி மேய்ப்பனுக்குப் போட்டால் எளிதாக வென்றிருக்கலாம். ஒன்றைக்கூடக் கழற்றவில்லை. ஒதுங்கினேன், அடித்தேன், ஒதுங்கினேன். விழுந்து விழுந்து, ஒருவழியாகக் கணவாயைத் தாண்டினோம்.

ஆடு பேசியது. என்னை அறியாமல் மூக்கால் சொல்லிவிட்டேன்: "ஏலே, வந்துட்டோம்லா. செத்த நேரம் உக்காரு."

பின்னால் அம்மா நின்றிருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் திட்டவில்லை. சுவரைப் பிடித்தபடி வந்து, உன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இதுதான் அவன் ஆடா?"

"ஆமாம்மா."

"அடிகிடி பட்டிருக்கா?"

"ஒரு கீறல்கூட இல்லம்மா."

அம்மா எட்டி, திரையில் அதன் நெற்றியை விரலால் தடவினாள். "இன்னொரு தடவ பேசுட்டி, அது மாதிரி" என்றாள்.

இப்போது என் மடியிலேயே தலைசாய்த்துத் தூங்குகிறாள். அசையாமல் எழுதுகிறேன். நீ நின்ற இடம் அழிந்துவிட்டது, அண்ணா. கணினியும் காலையில் போய்விடும். ஆட்டின் குரல் மட்டும் என்னிடம் இருக்கிறது. அம்மா கேட்கும்போதெல்லாம் பேசுவேன்.