என் வட்டத்துக்கு மட்டும்

பிப்ரவரி 6, செவ்வாய்

மழை. பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரைகளில் பாதி திருத்தியாயிற்று. கமாவை எங்கே போடுவது என்று டென்மார்க்கில் பல ஆண்டுகளாகச் சண்டை. பிள்ளைகள் எங்குமே போடாமல் சண்டையை முடித்துவைத்துவிட்டார்கள்.

தில்டெ நேற்று ஓடென்ஸ மருத்துவமனையிலிருந்து வந்தாள். மதியம் எழுந்து கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுது தடவி இரண்டு துண்டு தின்றாள். நான் பார்க்காதவன் போல் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் சாப்பிடுவதைத் திருடன் மாதிரி பார்க்க வேண்டியிருக்கிறது.

உல்லாவுக்கும் அக்கா இங்கருக்கும் தனித்தனியாக போன் செய்யப் பிடிக்கவில்லை. விவாகரத்துக்குப் பிறகு உல்லாவிடம் பேசினால் ஒவ்வொரு வாக்கியமும் வழக்காகிவிடுகிறது. நாங்கள் மூவரும் சேர்ந்து இருப்பது ஊர்ச் செய்தி போடும் ‘ஊர்க்குளம்’ ஆப்பில்தான். அதில் எழுதினேன்: ‘தில்டெ வந்துவிட்டாள். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். கத்திகளைப் பூட்டி வைத்துவிட்டேன். அவளிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம்.’

யாருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டது. ‘அனைவருக்கும்’, ‘என் வட்டத்துக்கு மட்டும்’, ‘எனக்கு மட்டும்’. நடுவில் இருந்ததை அழுத்தினேன்.

பிப்ரவரி 7, புதன்

வாசலில் யாரோ ஹயசிந்த் பூந்தொட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சீட்டு இல்லை. மருந்துக் கடைப் பெண் என் கையைத் தட்டிக்கொடுத்தாள் — எதற்கு?

பிப்ரவரி 9, வெள்ளி

எதற்கு என்று தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ப்ரேபன்தான் சொன்னான். வேலியருகே நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு, இழவு வீட்டுக்கு வந்தவன் போல. “நீ இப்படி மனசைத் திறந்து ஊருக்கே எழுதினது பெரிய விஷயம் எஸ்கில். என்னால முடியாதுப்பா.” ஊருக்கா? அவன் போனை நீட்டினான். என் வாக்கியங்கள். கீழே எழுபது இதயங்கள்.

வட்டம். எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். இறப்பு அறிவிப்பில் ‘நெருங்கிய வட்டம் மட்டும்’ என்று போட்டால் நான்கு பேர், ஒரு காப்பிப் பாத்திரம். போலீஸ், தேர்தல் என்று வந்தால் வட்டம் என்பது ஊரும் ஊரைச் சுற்றியுள்ள எல்லாமும். ஊர்க்குளத்தில் என் வட்டம் என்பது எங்கள் ஊர் அடங்கிய ஸ்வென்போர்க் தேர்தல் வட்டம். பொத்தானின் ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அதைத் தொட்டால் விளக்கம் வருகிறது. அதை யார் தொடுவார்கள்? தெரியாத சொல்லுக்குத்தானே அகராதியைத் திறப்போம்?

சாயங்காலம் தில்டெ வேலை முடிந்து வந்தாள். பேக்கரியில் அவள் சேர்ந்து நான்கு மாதம். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“இன்னிக்கு என் கையில கத்தி தரலப்பா. ரொட்டி வெட்டத்தான் மெஷின் இருக்கே, நீ பில் போடுன்னு ஓனர் சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. ரொம்ப அன்பா சொன்னாரு.”

நான் வட்டம் என்ற சொல்லை விளக்கத் தொடங்கினேன். பாதியில் எழுந்து போய்விட்டாள். ஏழு மணி ரயிலில் ஓடென்ஸவுக்கு, உல்லாவிடம்.

பிப்ரவரி 12, திங்கள்

ஊர்க்குளம் கம்பெனிக்கு எழுதியிருந்தேன். பதில் வந்தது. ‘உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி.’ கையெழுத்து: மொழிப் பொறுப்பாளர், ஹென்னிங் ஸ்தாம்ப.

ஹென்னிங்!

ஓடென்ஸ பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவன். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைக் கடன் வாங்கிப் போய், கட்டுரையாக்கித் தன் பெயரைப் போட்டு, எனக்கு வர வேண்டிய விரிவுரையாளர் வேலையில் போய் உட்கார்ந்தவன். அந்த அத்தியாயம் எதைப் பற்றி? அன்றாடப் பேச்சில் ஒரு பொருளும் அரசாங்கத்தில் வேறு பொருளும் தரும் சொற்களைப் பற்றி. ‘வட்டம்’ அதில் முதல் உதாரணம். என்னுடைய உதாரணம்.

அப்படியென்றால் இது தவறி நடந்ததல்ல. அவனுக்குத் தெரியும்.

இன்று நன்றாகப் பசித்தது. பல வருடங்களுக்குப் பிறகு.

பிப்ரவரி 21, புதன்

அவனே கூப்பிட்டான். குரல் அப்படியே இருக்கிறது, வெண்ணெய் தடவினாற்போல்.

“எஸ்கில்! நீ இன்னும் கமா எண்ணிக்கிட்டுதான் இருக்கியா?”

அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்று தெரிந்தேதான் போட்டாயா என்று கேட்டேன்.

“தெரியாம என்ன? எனக்குக் கத்துக்குடுத்ததே நீதானே. ‘ஊர் முழுக்க’ன்னு போட்டா எவன்டா அழுத்துவான்? எவனும் அழுத்தலைன்னா குளம் வத்திப்போயிடும். உன் பொண்ணு விஷயம் கேட்டு நெஜமாவே வருத்தமாயிருக்குடா.”

அப்போதே வரிக்கு வரி எழுதிக்கொண்டேன். உன் வருத்தத்தை நீயே வைத்துக்கொள், ஹென்னிங். உன் நாற்காலிதான் எனக்கு வேண்டும்.

பிப்ரவரி 25, ஞாயிறு

தில்டெ போன் செய்தாள். அவளாகவே. ஓடென்ஸவில் ஒரு பூக்கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம். தண்டுகளை வெட்டக் கத்தி கொடுத்தார்களாம், யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

“பரவால்லப்பா. நீங்க தெரியாம பண்ணினதுதானே. ஈஸ்டருக்கு வரேன்.”

சரி என்று மட்டும் சொன்னேன் போலிருக்கிறது.

அவள் ஊர்க்குளத்தில் பூங்கொத்துப் படங்கள் போடுகிறாள். துலிப், பனித்துளிப் பூ. ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். இதயம் போடுவதில்லை. அது அவளுக்குத் தொந்தரவு.

மார்ச் 14, வியாழன்

மாவட்டச் செய்தித்தாளிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஹென்னிங் சொன்னதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, இது ஒரு பேராசிரியரின் கோபமாக மட்டும் நின்றுவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், யாருக்கு என்ன ஆயிற்று என்பது வேண்டும் என்றாள். நான் பேராசிரியர் இல்லை. அதை ஹென்னிங் பார்த்துக்கொண்டான். ஆனால் அவள் சொன்னது சரி.

தில்டெயைக் கேட்டேன்.

“வேணாம்ப்பா. இப்பத்தான் எல்லாரும் மறந்திருக்காங்க. இதோட விட்டுடுங்க.”

பெயர் வராது, ஊர் மட்டும்தான் என்றேன். வேண்டாம் என்று மறுபடியும் சொல்லவில்லை.

மார்ச் 22, வெள்ளி

வந்துவிட்டது. முன்பக்கம்! ‘எவன் அழுத்துவான்?’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அவன் வாயிலிருந்து வந்தது. பக்கத்தில் என் பதிவின் படம், பெயரை மறைத்து. கத்திகள் பற்றிய வரி தெரிகிறது. அது இல்லாமல் கட்டுரைக்குப் பல் இல்லை.

ஆசிரியர் அறையில் கை கொடுத்தார்கள். தலைமையாசிரியர் கேக் வாங்கி வரச் சொன்னார். இந்தப் பள்ளியில் எனக்காக வெட்டிய முதல் கேக்.

மார்ச் 28, வியாழன்

ஹென்னிங் போய்விட்டான். ‘பரஸ்பர உடன்பாட்டின் பேரில்’ விலகுகிறானாம். நல்ல சொற்றொடர். அவனே எழுதியிருப்பான். இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை உரக்க.

தில்டெயின் பூக்கள் ஒரு வாரமாகக் காணோம். அவள் பக்கத்தைத் திறந்தால் ‘சில பதிவுகள் இப்போது காட்டப்படவில்லை’ என்று வருகிறது. பண்டிகை நேரம், பூக்கடையில் வேலை அதிகம். ‘இப்போது’ என்றுதானே போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு

ஆட்டுத்தொடை அடுப்பில். வெங்காயம் போட்டு ஊறவைத்த மீன் ஒரு தட்டு. அவளுக்குப் பிடித்த கடுகுக் குழம்பும் செய்தேன். பதினொரு மணி ரயிலிலும் வரவில்லை. அடுத்ததிலும்.

உல்லா கூப்பிட்டாள். பூக்கடையில் உடன் வேலை செய்பவள் செய்தித்தாளைக் கொண்டுவந்து, “இது உன் ஊர்தானே?” என்று கேட்டாளாம். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் முதல் தில்டெ வேலைக்குப் போகவில்லை.

அவளிடம் கொடு என்றேன். போன் கை மாறியது.

“முதல் தடவை பட்டன் உங்களை ஏமாத்திடுச்சு. சரி. இந்தத் தடவை யாருப்பா ஏமாத்துனது?”

ஹென்னிங் தொலைந்தான் என்று சொன்னேன். உனக்காகத்தான் என்று சொன்னேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

இறைச்சியை இங்கர் அக்காவுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.

ஏப்ரல் 17, புதன்

இந்த மாதிரி ஆப்களைக் கண்காணிக்கும் ஆணையத்துக்குப் போக வேண்டிய மனு முடிந்தது. வட்டத்தோடு நிறுத்தப்போவதில்லை. ஊர்க்குளத்தில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, குற்றத்தைச் சொல்லி, திருத்தத்தையும் எழுதியிருக்கிறேன். ‘சில பதிவுகள் இப்போது காட்டப்படவில்லை’ — யார் காட்டவில்லை? யாருக்கு? எப்போதிலிருந்து? செயப்பாட்டு வினைக்குள் ஆளை ஒளித்துவைக்கும் வேலை. ஹென்னிங்கின் கைவரிசைதான். செய்தவர் பெயர், செய்யப்பட்டவர், நாள் மூன்றும் இல்லாமல் எந்த வாக்கியமும் கூடாது என்று எழுதினேன்.

அவன் போனால் போதாது. அவன் எழுதியதில் ஒரு வரிகூட மிஞ்சக் கூடாது.

மே 16, வியாழன்

ஏற்றுக்கொண்டார்கள். முழுவதும்! என் சொற்களே, ஒரு கமா மாறாமல். ஜூனில் எல்லோருடைய போனிலும் வரும். ஹென்னிங்குக்கு ஒரு அஞ்சலட்டை அனுப்பினேன். ‘மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. எஸ்கில்.’ பதில் வராது. வராமலிருப்பது இன்னும் ருசி.

தில்டெக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று. அவள் பக்கத்தில் இன்னும் அதே வரிதான். இப்போது காட்டப்படவில்லை. இப்போது.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் ஆப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. முதலில் பொத்தானைப் பார்த்தேன். ‘ஸ்வென்போர்க் வட்டத்தில் உள்ள எல்லோரும் இதைப் படிப்பார்கள்.’ என் வாக்கியம். வகுப்பில் படித்துக் காட்டினேன். ஒரு பையன் கைதட்டினான், கிண்டலாகத்தான்.

வீட்டுக்கு வந்து தில்டெயின் பக்கத்தைத் திறந்தேன். பழைய வரி இல்லை.

‘தில்டெ தன் பதிவுகளை உங்களுக்குக் காட்டுவதை மார்ச் 22 அன்று நிறுத்திவிட்டார்.’

எழுவாய் இருக்கிறது. யாருக்கு என்பது இருக்கிறது. தேதி இருக்கிறது. பல முறை படித்துவிட்டேன், திருத்த எதுவும் இல்லை.