விசாரணைக்கு வந்த பலாப்பழம்

மே 14, சனி

முப்பது வருடம் கடற்படையில் இருந்தவன், போர்க்கப்பலை நடத்தியவன், இன்று ஒரு பலாப்பழத்திடம் தோற்றுப்போனேன்.

கப்பலுக்குப் பெயிண்ட் சப்ளை செய்த கான்டிராக்டரிடம் நான் ஒரு ஃபிரிட்ஜை லஞ்சமாக வாங்கினேன் என்று புகார். அதனால்தான் பதவி போய் ஏற்காட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அதை விசாரிக்க இன்று மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வீட்டில் ஃபிரிட்ஜே கிடையாது என்றேன். கூடத்தில் இருந்ததை என் மனைவி கமலா போர்வையால் மூடி, மேலே முருகன் படத்தை வைத்திருந்தாள். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். குடித்த தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதே என்றார். மலைத் தண்ணீர் அப்படித்தான் என்றேன்.

அந்த நேரம் பார்த்து பக்கத்து மஞ்சக்குட்டை கிராமத்து விவசாயி சின்னப்பையன் பலாப்பழத்தோடு வந்தான். மரத்தின் முதல் பழத்தைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் மற்றதை விற்பான். என் நேர்மையைக் காட்ட நல்ல சந்தர்ப்பம்.

"யார்கிட்டயும் எதையும் வாங்குற பழக்கம் எனக்கில்லப்பா!" என்றேன் சத்தமாக.

அவன் முகம் வாடிவிட்டது.

"ஏனுங்க, போன வருசம் குடுத்ததை நொம்ப நாள் வெச்சுத் தின்னோமுன்னு சொன்னீங்களே. பிரிட்ஜு கெட்டுப் போச்சுங்களா?"

அதிகாரியின் பேனா நின்றது. கமலா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தேன்.

அந்த அமைதியில் போர்வைக்குள் மோட்டார் உறுமியது. மேலே முருகன் ஆட ஆரம்பித்தார்.