நீ எரிக்காத விறகு

எதிர்வீட்டில் இன்று கல்யாணம். விடிந்ததும் விடியாததுமாகச் சமையல்காரர்கள் தெருவோரம் அடுப்பு வெட்டி நீலகிரி விறகைச் செருகிவிட்டார்கள். அந்தப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. சாத்தப் போன பெண்டாட்டியிடம் சும்மா விடு என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் மைசூர்ச் சாயப் பட்டறையின் பாய்லர் கொட்டகையில் நாம் இருவரும் அந்தப் புகையைத்தானே தின்றோம்.

நீ ஹனூர்ப் பக்கம், நான் கொள்ளேகால் பக்கம். வந்த முதல் நாளே என்னை மாப்ளே என்றாய்.

யாரோ சொன்னதைக் கேட்டு முதலாளி கூரைமேல் வெயிலில் தண்ணீர் காயும் கண்ணாடிப் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார். வைத்ததோடு சரி. பட்டுநூலைக் கொதிக்க வைப்பது காலை எட்டு மணிக்கு. அந்நேரம் கூரைத் தண்ணீர் பச்சைத் தண்ணீர். இரண்டு மணிக்கு அது கை வைக்க முடியாமல் சுடும்போது நாம் கீழே நூலை அலசிக்கொண்டிருப்போம். அந்தப் பெட்டிகளைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் ஒரு மாதம் வேளாவேளைக்கு ஏணி ஏறிக் கை வைத்துப் பார்த்தாய்.

"சூரியன் நம்ம ஷிப்டுக்கு வரமாட்டான் மாப்ளே. நாமதான் அவன் ஷிப்டுக்குப் போவோணும்" என்றாய்.

போனோம். ஊறப்போடுவதும் அலசுவதும் காலையில், கொதி வேலை முழுவதும் மதியத்தில். மிஞ்சிய சுடுதண்ணீரை உமியும் சாக்கும் சுற்றிய தொட்டியில் அடைத்து மறுநாளைக்கு வைத்தாய். மூட்டம் போட்ட நாளில் அதிகச் சூடு கேட்காத சாயங்களை முதலில் இறக்கச் சொன்னாய். பெரிய கம்பெனிகளில் இன்று கம்ப்யூட்டர் வைத்துச் செய்கிறார்களாமே, அதை நீ உள்ளங்கையை வைத்துச் செய்தாய். பாய்லர் தின்னும் விறகு நாளுக்கு நாள் குறைந்தது.

அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம் இல்லையா? வேறு எவனாவது மிஞ்சிய விறகை வீட்டுக்குத் தூக்கிப் போயிருப்பான். நீயோ எரிக்காத கட்டைகளைக் கொட்டகைக்குப் பின்னால் ஒழுங்காக அடுக்கினாய், முதலாளி பார்க்கட்டும் என்று. அடுக்கு இடுப்பு உயரம் வந்தது, பிறகு ஆள் உயரம். மடையா, உன் சீட்டை நீயே கிழித்துக்கொண்டாய்.

முதலாளி பார்த்தார், உன் தோளில் தட்டினார். அன்றைக்கே நீ மகளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினாய். இனிப் பயமில்லை, பத்தாவது வரை அவளை இங்கேயே படிக்க வைத்துவிடலாம் என்றாய்.

திங்கட்கிழமை முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் பாய்லருக்கு ஓர் ஆள் போதும் என்று கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். உன்னைவிட எனக்குக் கன்னடம் நன்றாக வரும், எதிர்த்துப் பேசவும் மாட்டேன், அதனால் நானே இருக்கலாமாம். ஆனால் அந்த வேலைமுறை எனக்குப் பாதிகூடத் தெரியாது. ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் உன்னிடமிருந்து கறந்துகொள்ள வேண்டுமாம், உன்னிடம் மூச்சு விடக்கூடாதாம். யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னதாக எழுத ஆசைதான். சொல்லவில்லை. உடனே சரி என்றேன்.

அந்த வாரம் முழுக்க உன் பின்னாலேயே சுற்றினேன். எந்த மேகத்துக்கு எத்தனை கட்டை, எந்த வால்வை எப்போது திருப்புவது என்று கேட்டுக் கேட்டுக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். நீ பூரித்துப்போனாய். "இப்பவாச்சும் உனக்கு வேலைல அக்கறை வந்துச்சே" என்று டீ வாங்கிக் கொடுத்தாய். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் உன்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். வெளியே வந்தவன் நேராக என்னிடம் வந்தாய். அடிக்கப் போகிறாய் என்று நினைத்தேன்.

"வடக்கோரம் ஒரு வால்வு ஒழுகுது. சணல் சுத்தி வெச்சிருக்கறேன். மாசத்துக்கு ஒருக்கா மாத்தீரு" என்றாய்.

அது ஒன்றைத்தான் நான் கேட்க மறந்திருந்தேன். அதையும் கொடுத்துவிட்டுத்தான் போனாய். உன் மகளின் படிப்பு அந்த வருடத்தோடு நின்றது. என் பிள்ளைகள் மூவரும் அந்த வேலையில்தான் படித்து ஆளானார்கள்.

சென்ற மாதம் உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஹனூர் வந்தேன். உன் பெண்டாட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசி வரைக்கும் உங்களப் பத்தித்தானுங்ண்ணா சொல்லுவாரு. அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்றகிட்டச் சொல்லாம இருந்திருக்க மாட்டான்னு."

உன் மகள் கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கையால் எனக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார், பட்டறை இடிபட்டுக் கல்யாண மண்டபமாகிவிட்டது, வேலை போய்விடும் என்று பயப்பட எனக்கு ஒன்றுமே இல்லை. அன்றாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமாம்மா, தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பேன்" என்றேன்.

உன் பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் இலைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள். உன் வீட்டில் எனக்கு இன்னும் நல்ல பெயர்தான். அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.