ஆட்சேபணை இல்லை

மார்ச் 4

காலையில் அவளே போன் செய்தாள். விவாகரத்தான பதினான்கு மாதத்தில் இதுதான் முதல் தடவை. மே லீவில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போகிறாளாம், பனி பார்க்க. குழந்தையோடு தாய் மட்டும் போனால் தகப்பனின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் விசா தரமாட்டார்கள்.

"விசா ஆபீஸ்ல பதினெட்டாம் தேதி வரச் சொல்லியிருக்காங்க. அத விட்டா ஜூன்லதான், ஸ்கூல் தெறந்துடும். ஒரு கையெழுத்து போதும்."

பார்க்கலாம் என்றேன். சொல்லும்போதே வாய் இனித்தது.

மார்ச் 5

நோட்டரி வக்கீலிடம் டைப் அடிக்கிற எனக்கு இந்தக் கடிதம் தலைகீழ்ப் பாடம். "என் குழந்தை தன் தாயுடன் பயணம் செய்வதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை." வாரத்துக்கு நாலு பேருக்காவது அடித்துக் கொடுக்கிறேன்.

எனக்கு ஆட்சேபணை இருக்கிறது. கோர்ட்டில் அத்தனை பேர் முன்னால் என்ன சொன்னாள்? "இவருக்குப் பொண்ணுக்காக ஒரு நிமிஷம்கூட நேரம் கிடையாது." ஒரு நிமிஷம்கூட— இப்போது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தானே வந்து நிற்கிறாள்? நிற்கட்டும்.

மார்ச் 9

விசா ஆபீஸின் விதிமுறைகளை ஒரு வரி விடாமல் படித்தேன். பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை. கடிதத்தில் தங்குமிடத்தின் முகவரி இருக்க வேண்டும். அவள் அனுப்பிய விவரத்தில் இல்லை. திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 12

முகவரி வந்தது. திரும்பி வரும் தேதி எங்கே என்று மறுபடி திருப்பினேன். இரண்டையும் ஒரே தடவையில் சொல்லியிருக்கலாம்தான். ஏன் சொல்ல வேண்டும்?

மார்ச் 14

வக்கீல் ஐயா கேட்டார்: "உன் பொண்ணு லெட்டர் என்னாச்சு? அடிச்சுக் குடுய்யா, இப்பவே சீல் போட்டுடறேன்."

"அவங்க இன்னும் விவரம் தரல சார்."

நேற்றே வந்துவிட்ட திரும்பும் தேதியோடு, விவரம் முழுவதும் என் மேசை டிராயரில் இருந்தது.

மார்ச் 17

ஆறு தடவை போன். எடுக்கவில்லை.

மார்ச் 18

மாலை ஐந்து மணி. விசா ஆபீஸ் மூடியிருக்கும். ஜெயித்துவிட்டேன். ஓட்டலில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்ச் 22

ஞாயிறு, பாப்பா வரும் நாள். அழுவாள், அம்மா சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் பாட்டுக்கு ஷூவைக் கழற்றிவிட்டு, படம் வரைய உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"பனி பாக்கப் போகலன்னு கோவமாடா?"

"இல்லப்பா. அம்மா சொன்னாங்க. உங்களுக்கு ஆபீஸ்ல ரொம்ப வேலையாம், பாவம், கையெழுத்து போடக்கூட நேரமில்லையாம்." பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டாள்: "நேரம் கெடைக்கறப்ப போடுவீங்கல்ல?"

கோர்ட்டில் இவள் அம்மா என்னைக் குத்திய அதே வார்த்தை. அதையே எடுத்து என் தலைக்குக் குடை பிடித்திருக்கிறாள். ஏன் செய்தாள்? நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் உள்ளதைச் சொல்லிக் கிழித்திருப்பேன்.

வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 23

ஆபீஸ் திறந்ததும் கடிதத்தை அடித்துக் கையெழுத்தும் போட்டேன். டிராயரில் இருந்த மே மாதத் தேதிகள் இனி உதவாது என்று அந்த இடத்தை விட்டுவைத்தேன். வக்கீல் ஐயா முத்திரையைக் கையில் எடுத்துவிட்டு நிறுத்தினார்.

"போற தேதி, வர்ற தேதி ரெண்டும் காலியா இருக்கே. தேதி இல்லாம சீல் போடமுடியாதுன்னு உனக்குத் தெரியாதா? அவங்களக் கேளுய்யா."

கேட்கத்தான் போன் செய்துகொண்டிருக்கிறேன். மதியத்துக்குள் நாலு தடவை. அவள் எடுக்கவில்லை. எடுக்கும்வரை அடிப்பேன். எனக்கு நேரம் இருக்கிறது.